ஒரு நாற்காலியை நிரப்ப பதினோரு மாதம்

எங்கள் கம்பெனியில் மொத்தம் பதினான்கு பேர். பில்லிங் சாஃப்ட்வேர் செய்து விற்கிறோம். சப்போர்ட் டீமைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். "ஒரு ஆள் எடுக்கிறதுதானே, நீங்களே பாத்துக்கங்க மேடம்" என்றார் எங்கள் டைரக்டர். எனக்கும் அது பெரிய வேலையாகத் தோன்றவில்லை. எச்.ஆர். என்று எங்களிடம் தனியாக யாரும் கிடையாது. கணக்கு, நிர்வாகம், லீவு லெட்டர் எல்லாமே என் மேஜைக்குத்தான் வரும், இதுவும் வந்தது. அந்த நாற்காலியில் சரியான ஆள் உட்கார பதினோரு மாதம் ஆனது. நடுவில் ஒருவரை எடுத்து நாலு மாதத்தில் அனுப்பினோம். இன்னொருவர் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவே இல்லை. அந்தப் பதவியின் மாதச் சம்பளத்தை அளவாக வைத்துச் சொன்னால், நேரடியாகப் போனது ஐந்து மாதச் சம்பளம். கோபித்துக்கொண்டு விலகிய இரண்டு வாடிக்கையாளர்களைக் கணக்கில் சேர்த்தால் அதைப்போல இன்னொரு மடங்கு. என்னைப்போல ஆழம் தெரியாமல் காலை விடப்போகிறவர்கள் யாராவது இருந்தால், நான் எங்கெங்கே வழுக்கினேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முதல் சறுக்கல் விளம்பரத்திலேயே. வேறொரு கம்பெனி போட்டிருந்த விளம்பரத்தை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். 'சிறந்த தகவல் தொடர்புத் திறன், அழுத்தத்தைத் தாங்கும் பக்குவம், குழுவோடு இணைந்து செயல்படும் மனப்பான்மை.' இதைப் படித்துவிட்டு, 'அடடா, எனக்கு அந்த மனப்பான்மை இல்லையே' என்று யாராவது ஒதுங்கியிருப்பார்களா? பத்து நாளில் 340 ரெஸ்யூமே வந்து விழுந்தது. பகலில் என் வழக்கமான வேலை இருக்கும் என்பதால் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ரெஸ்யூமேவுக்கு இருபது விநாடி கூடக் கொடுத்திருக்க மாட்டேன். பெரிய கம்பெனிப் பெயர் இருந்தால் ஒரு பக்கம். நடுவில் ஒரு வருடம், இரண்டு வருடம் இடைவெளி இருந்தால் இன்னொரு பக்கம். அந்தப் பக்கம் போனவர்களை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. எதற்காக இப்படிப் பிரிக்கிறேன் என்று அப்போது என்னிடம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. கண் தூக்கத்தில் சொருகும்போது கைக்கு ஏதாவது ஒரு விதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நான் கொடுத்த விலை பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாம் சொதப்பிய பிறகு அந்தப் பழைய கோப்பை மறுபடி திறந்தேன். இடைவெளிப் பக்கத்தில் ஒரு பெண்ணின் ரெஸ்யூமே இருந்தது. எங்களுடையதைப் போன்ற சாஃப்ட்வேருக்கே ஆறு வருடம் சப்போர்ட் பார்த்திருக்கிறார். புதிதாகச் சேருகிறவர்களுக்காக அவரே ஒரு கையேடு எழுதியதாக இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. நான் இரண்டாம் பக்கத்துக்குப் போகவே இல்லை. போன் செய்தேன். "நான் போட்டு ஏழு மாசம் ஆச்சே மேடம், வேற இடத்துல சேர்ந்துட்டேன்" என்றார். இடைவெளி எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதைத் தெரிந்துகொண்டு இனி நான் என்ன செய்யப்போகிறேன்?

முதல் சுற்றில் பன்னிரண்டு பேரை நேரில் அழைத்தேன். நானும் டைரக்டரும் உட்கார்ந்து பேசுவோம். கேள்வி என்று எதையும் எழுதி வைக்கவில்லை. 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' என்று ஆரம்பித்து, பேச்சு போகிற போக்கில் போவோம். ஒன்பதாவதாக வந்தவர் எங்கள் இருவரையும் கவர்ந்துவிட்டார். நல்ல குரல், நல்ல சிரிப்பு. எங்கள் டைரக்டர் முன்பு வேலை பார்த்த அதே மாதிரி ஒரு நிறுவனத்தில் அவரும் இருந்திருக்கிறார். அந்தக் கதைகளிலேயே நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. வெளியே வந்ததும் டைரக்டர் சொன்னது, "நம்ம ஆளு மாதிரி இருக்காருல்ல." எனக்கும் அப்படித்தான் பட்டது. போதாததற்கு அவர் இமீடியட் ஜாய்னர். நாளைக்கே வரத் தயார். காலியான நாற்காலியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருக்கும் ஆளுக்கு 'நாளைக்கே வரேன்' என்பதை விட இனிமையான வார்த்தை இல்லை. முந்தைய இடத்தில் யாரிடமாவது விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சப்போர்ட் வேலையில் பாதி எழுத்து வேலை. அவருக்குப் பேச வரும், எழுத வராது. பிரச்சினையைத் தோண்டிப் பார்க்கவும் வராது. மூன்றாவது வாரம் ஒரு மெயில் வந்தது. மாதக் கடைசி நாளில், பில்லில் வரி இரண்டு தடவை கூடிவிட்டது, 112 பில் அப்படியே வெளியே போய்விட்டது என்று பதறிப்போய் எழுதியிருந்தார் வாடிக்கையாளர். நம்மவர் அனுப்பிய பதில் நாலே வரி. 'தங்கள் பொறுமைக்கு நன்றி. தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். எங்கள் குழு இதைக் கவனித்து வருகிறது. விரைவில் தொடர்புகொள்வோம்.' இதில் ஒரு கேள்வி இருக்கிறதா? ஒரு தகவல் இருக்கிறதா? பத்து நிமிடத்தில் வாடிக்கையாளரிடமிருந்து மறுமொழி வந்தது: 'நான் கருத்து சொல்லவில்லை. 112 பில் தப்பு.' அந்த வரியைப் படித்தபோது அடிவயிற்றில் ஏதோ செய்தது. அடுத்த மூன்று மாதம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம், உதாரணம் காட்டினோம், பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினோம். டீமில் இருந்த மூன்று ஜூனியர்களும் அவருக்குக் காட்டாமல் நேராக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். நாலாவது மாதக் கடைசியில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இதைப் பத்தி இன்டர்வியூல ஒரு வார்த்தை கேக்கலையே மேடம், கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். அன்று வீட்டுக்குப் போனபோது, தப்புச் செய்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும். 1998-ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இருவர் 85 வருட ஆய்வுகளைத் திரட்டி, ஆள் எடுக்கும் எந்த முறை பிற்பாடு வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2022-ல் பால் சாக்கெட்டும் அவர் கூட்டாளிகளும் அந்தக் கணக்கைத் திருத்தி மறுபடி போட்டார்கள். சம்பந்தமே இல்லை என்றால் 0, முழுக்கப் பொருந்தினால் 1 என்ற அளவில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் இன்டர்வியூவுக்கு 0.42. நாங்கள் செய்தோமே, வாய்க்கு வந்ததைக் கேட்டுக்கொண்டிருக்கும் அரட்டை இன்டர்வியூ, அதற்கு 0.19. இரண்டுக்கும் ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேள்விகளை எழுதி வைக்க ஒரு மத்தியானம் கூடுதலாகப் போகும். அந்த ஒரு மத்தியானத்தை மிச்சம் பிடிக்கப் போய் நாலு மாதச் சம்பளத்தைத் தொலைத்தேன். 0.42 என்பதே பாதிக்கும் கீழேதான் என்பதையும் கவனியுங்கள். எந்த முறையிலும் ஆள் தப்பாக அமையலாம். நம் கையில் இருப்பது தப்பைக் குறைப்பதுதான். 'ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்' என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இரண்டாவது சுற்றில் பயந்துபோய் ஒரு கன்சல்டன்சியிடம் போனேன். அவர்கள் கேட்டது ஆண்டுச் சம்பளத்தில் 15 சதவீதம்; அதில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம். ஒப்பந்தம் ஆறு பக்கம். ஆள் சேர்ந்து 90 நாளுக்குள் விலகினால் வேறு ஆள் தருவோம் என்ற ஷரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆள் சேரவே இல்லையென்றால் என்ன ஆகும் என்பது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: முன்பணம் திரும்ப வராது. கன்சல்டன்சியைக் குறை சொல்ல மாட்டேன், எழுதியதைத்தான் செய்தார்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். சேராவிட்டால் பணம் என்ன ஆகும், வேறு ஆள் தர எத்தனை நாள் அவகாசம், நாமே நேரடியாகக் கண்டுபிடித்த ஆளுக்கும் கமிஷன் கேட்பார்களா. மூன்றாவதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை.

கன்சல்டன்சி அனுப்பியவர்களில் ஒருவர் உண்மையிலேயே நன்றாக இருந்தார். ஆஃபர் கொடுத்தோம், மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். அவருடைய நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் நான் அவரோடு பேசியது ஒரே தடவை, அதுவும் சான்றிதழ் நகல் கேட்டு. சேரவேண்டிய திங்கட்கிழமை காலை புது லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு, பெயர் அட்டையை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்தரைக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ்: 'சாரி மேடம், இப்போ இருக்கிற இடத்துலயே சம்பளம் கூட்டிக் கொடுத்துட்டாங்க.' பெயர் அட்டையை டிராயருக்குள் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

கவுண்டர் ஆஃபரை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கலாம். இப்போது முதல் போன் பேச்சிலேயே கேட்டுவிடுகிறேன்: 'நீங்க ராஜினாமா கொடுத்ததும் உங்க மேனேஜர் கூப்பிட்டு சம்பளம் கூட்டித்தரேன்னு சொன்னா என்ன செய்வீங்க?' உடனே 'மாட்டேன்' என்று சொல்கிறவரை விட, கொஞ்சம் யோசித்துவிட்டு 'சம்பளம் பிரச்சினை இல்ல மேடம், அங்க கத்துக்க இனி ஒண்ணும் இல்ல' என்று காரணம் சொல்கிறவரைத்தான் நம்புகிறேன். பணத்துக்காக மட்டும் கிளம்புகிறவர் பணத்துக்காகத் தங்கவும் செய்வார். ஆஃபர் கொடுத்த பிறகு வாரம் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு சாக்கில் பேசுகிறேன். கூட வேலை செய்யப்போகிறவர்களையும் பேச வைக்கிறேன். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றே 'என்ன சொன்னாங்க?' என்று கேட்பது முக்கியம். அவர் பதிலில் ஒரு இழுப்பு தெரிந்தால் இரண்டாவது ஆளிடம் பேச்சை நிறுத்தாதீர்கள். இரண்டாவது ஆளுக்கு 'இல்லை' என்று சொல்ல அவசரப்பட்டதுதான் அந்தத் திங்கட்கிழமையின் உண்மையான நஷ்டம்.

மூன்றாவது சுற்றுக்கு முன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, இந்த வேலை என்ன என்று எழுதினேன். ஜூனியர்கள் மூன்று பேரையும் கூட உட்கார வைத்தேன்; வேலை என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும். விளம்பரம் இப்படி மாறியது: 'ஒரு நாளைக்கு 60 மெயில் வரும், அதில் பாதி கோபமாக வரும். மூன்று ஜூனியர்கள் எழுதும் பதிலைச் சரிபார்க்க வேண்டும். சாஃப்ட்வேரில் எது பிழை, எது பயன்படுத்தியவரின் தவறு என்று பிரித்து டெவலப்பர்களுக்குச் சொல்ல வேண்டும். மாதக் கடைசி மூன்று நாள் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது. சம்பளம் இதிலிருந்து இதுவரை.' 340 பேருக்குப் பதில் 58 பேர்தான் விண்ணப்பித்தார்கள். அதில் இருபது பேரோடு பேசலாம் போலிருந்தது. சம்பளத்தைப் போட்டால் போட்டிக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று டைரக்டர் தயங்கினார். தெரிந்துதான் என்ன செய்யப்போகிறார்கள்? சம்பளம் சொல்லாமல் மூன்று சுற்றுப் பேசி, கடைசியில் இரண்டு மடங்கு கேட்கும் ஆளிடம் அசடு வழிந்தது எனக்குத்தானே தெரியும்.

விளம்பரத்தோடு நிற்கவில்லை. தெரிந்தவர்களிடமும் சொல்லி வைத்தேன். இதிலும் ஒரு தப்புச் செய்திருந்தேன்: நெருங்கிய நண்பர்களிடம் மட்டும் கேட்டிருந்தேன். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்ட கணக்கு இருக்கிறது. அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது அல்லது அபூர்வமாக என்றவர்கள்தான் மிச்சம் அத்தனை பேரும். யோசித்தால் நியாயம்தான். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த ஆட்கள் எனக்கும் தெரிந்தவர்கள்தானே. இந்தத் தடவை பழைய ஆபீஸ் ஆட்கள், ஒரு பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தவர், எங்களை விட்டுப் போன ஊழியர்கள் என்று நாற்பது பேருக்குத் தனித்தனியாக எழுதினேன். 'யாராவது இருந்தா சொல்லுங்க' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'கோபமா வர்ற வாடிக்கையாளரை எழுத்துலயே சமாதானப்படுத்துற ஆள் நீங்க யாரையாவது பாத்திருக்கீங்களா?' என்று கேட்டேன். ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும்படி கேட்க வேண்டும். ஆறு பெயர் வந்தது.

பிறகு இன்டர்வியூவுக்கு முன்பே ஒரு சின்ன வேலை கொடுத்தோம். எங்களுக்கு வந்த மூன்று மெயில்கள், பெயர்களை எடுத்துவிட்டு. பதில் எழுத 45 நிமிடம். ஒன்று அந்த 112 பில் மெயிலேதான். அந்த நேரத்துக்குப் பணமும் கொடுத்தோம், தேர்வானாலும் ஆகாவிட்டாலும். இதில் ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் இந்தச் சாக்கில் ஒரு வாரத்து வேலையை ஓசியில் வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல ஆட்கள் அதைப் பார்த்ததும் விலகிவிடுவார்கள், விலகத்தான் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அது பரீட்சை இல்லை, சுரண்டல்.

பதினோரு பேர் எழுதி அனுப்பினார்கள். ஒன்பது பேர் 112 பில்லுக்கு மன்னிப்புக் கேட்டு, விரைவில் சரிசெய்வோம் என்று எழுதினார்கள். ஒருவருடைய பதில் இப்படி ஆரம்பித்தது: 'முதலில் புது பில் போடுவதை நிறுத்திவிடுங்கள், எண்ணிக்கை இன்னும் ஏறக்கூடாது. அந்த 112 பில்லும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டவையா? அதற்கு முன் அப்டேட் ஏதாவது செய்தீர்களா?' மன்னிப்பு கடைசி வரியில்தான் இருந்தது. பழைய ஆபீஸ் ஆள் ஒருவர் வழியாக வந்தவர் அவர். நேரில் பார்த்தால் மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். பழைய முறையில் நடத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் அனுப்பியிருப்போம்.

நேர்முகத்துக்கு ஆறு கேள்வி. எல்லோருக்கும் அதே ஆறு, அதே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுவிட வேண்டும். நானும் டைரக்டரும் பேசிக்கொள்வது அதற்குப் பிறகுதான். முதல் பதில் பிடித்துப்போனால் மிச்ச ஐந்தும் இனிக்க ஆரம்பித்துவிடும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. 1955-ல் இஸ்ரேல் ராணுவத்துக்காக உளவியலாளர் டேனியல் கானமன் அமைத்துக் கொடுத்த முறையும் கிட்டத்தட்ட இதுதான். ஆறு குணங்கள், தனித்தனி மதிப்பெண். 'எங்களை இயந்திரமாக்குகிறீர்கள்' என்று பேட்டி எடுத்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி அந்த ஆளைச் சிப்பாயாக நினைத்துப் பார்த்து இன்னொரு மதிப்பெண் போடச் சொன்னாராம். ஆறையும் ஒழுங்காகப் போட்ட பிறகு அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் நன்றாகவே பலித்திருக்கிறது. எங்கள் டைரக்டரும் முணுமுணுத்தார். அவருக்கும் கண்ணை மூட அனுமதி கொடுத்தேன்.

ரெஃபரன்ஸ் இந்தத் தடவை விடவில்லை. 'எப்படிப்பட்ட ஆள்?' என்று கேட்டால் எல்லோரும் 'நல்ல பையன்' என்றுதான் சொல்வார்கள். 'மறுபடி வாய்ப்புக் கிடைச்சா உங்க டீம்ல எடுப்பீங்களா?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத அந்த ஆளின் முன்னாள் மேனேஜர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எடுப்பேன். ஆனா மீட்டிங்ல பேச வைக்காதீங்க, எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வரி எனக்கு எத்தனையோ நாளை மிச்சப்படுத்தியது. தேர்வு செய்த அன்று சாயங்காலமே ஆஃபர் அனுப்பினோம். கடைசி இன்டர்வியூவுக்கும் ஆஃபருக்கும் நடுவில் நாலு மணி நேரம். நல்ல ஆட்களுக்கு நாம் மட்டும் போன் செய்வதில்லை. நோட்டீஸ் பீரியடில் வாரம் ஒரு தடவை பேசினேன். சேர்ந்த நாளில் ஒன்பதுக்கே வந்துவிட்டார்; நான்தான் பத்து நிமிடம் லேட்.

தேர்வாகாத மற்றவர்களுக்கும் பதில் எழுதினேன். பரீட்சை எழுதியவர்களுக்கு எது நன்றாக இருந்தது, எது குறைந்தது என்று இரண்டிரண்டு வரி. ஒரு முழு நாள் போனது. அவர்களில் எட்டுப் பேரைத் தனியாக ஒரு கோப்பில் குறித்து வைத்திருக்கிறேன். இப்போது ஒரு ஜூனியர் இடம் காலியாகப்போகிறது, விளம்பரம் இன்னும் போடவில்லை. நேற்று அந்தக் கோப்பிலிருந்து இரண்டு பேருக்கு போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், "நான் இப்போ நல்லாத்தான் இருக்கேன் மேடம், என் தங்கச்சி வேலை தேடிட்டிருக்கா, அவளைக் கேக்கட்டுமா?" என்றார். தங்கச்சிக்கு அந்த மூன்று மெயிலையும் அனுப்பியிருக்கிறேன்.